மடங்காத சுண்டுவிரல்

அத்தியாயம் 3

"மேடம், இன்னும் ரெண்டு வீடியோ பார்த்தேன்னா என் கனவுலயும் உருளைக்கிழங்குதான் வரும்" என்றான் குரு.

"வந்தா தோலை உரிச்சு வை. அடுத்ததைப் போடு" என்றாள் தனலெட்சுமி.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைக் கண்டுபிடித்துக் கொடுத்த காலத்திலேயே கூர்மையான கண்ணுக்குப் பெயர் வாங்கியவள். சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது, வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த குருவையும் அவனுடைய பழைய காரையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். நாற்பதைத் தாண்டிய குருவுக்கு வயிறு பெரியது, வாய் அதைவிடப் பெரியது.

நேற்றிலிருந்து இருவரும் கறிபாப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிள்ளான் வட்டாரத்தில் வீட்டிலேயே கறிபாப் சுட்டு விற்கும் பெண்கள் பேஸ்புக்கில் போடும் வீடியோக்கள். மாவு பிசைவது, வட்டமாகத் தட்டுவது, கிழங்கு மசாலாவை வைத்து மூடுவது, ஓரத்தைப் பின்னல் போல மடிப்பது. கடைசியில் எண்ணெய்ச் சட்டி. தனலெட்சுமி சட்டி வரும்வரை பார்ப்பதில்லை. மடிப்பு முடிந்ததும் அடுத்தது.

காணாமல் போனவள் பெயர் புனிதா. எட்டு வயது மகள் லோஷினியோடு சுபாங் ஜெயாவில் இருந்த வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தேடச் சொல்லி வந்தவன் அவள் தம்பி ராஜேஷ்குமார். தாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். கண்ணை மூடுவதற்குள் மகளைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா, தம்பி என்று சொல்லி வருகிற யாரையும் தனலெட்சுமி எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. அடையாள அட்டையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கே போனாள். தாய் இருந்தது உண்மை, நோயும் உண்மை. கட்டிலுக்குப் பக்கத்தில் புனிதாவின் கணவன் தனேஷ் உட்கார்ந்து, மாமியாருக்குக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தான். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். "என் மேல ஏதோ கோபம் மேடம். என்னன்னு சொன்னா திருத்திக்கலாம்" என்று தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வந்ததும் குரு, "இப்படி ஒரு மருமகன் கிடைச்சா நானே ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்குவேன்" என்றான்.

புனிதாவுக்கு பேஸ்புக் கிடையாது, இன்ஸ்டாகிராம் கிடையாது. பழைய நம்பர் செத்துப் போயிருந்தது. கிடைத்த தகவல் இரண்டே இரண்டு. கிள்ளானில் ஒரு கோயில் அன்னதானத்தில் அவளைப் போல ஒருத்தியைத் தூரத்தில் பார்த்ததாக ஒரு சொந்தக்காரர் சொன்னார். இன்னொன்றை ராஜேஷ்குமார் சொன்னான்.

"அக்காவுக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் கறிபாப்தான் மேடம். கல்யாணத்துக்கு முன்னாடி வீட்ல கறிபாப் போட்டுத்தான் என்னைய படிக்க வச்சா. இடது கைக்காரி. அவ மடிச்சா பின்னல் மத்தவங்களுக்கு நேர்மாறா சாயும். அப்புறம் ஒரு தடவை கதவுல கை மாட்டிக்கிட்டு, சுண்டுவிரல் மடங்காமப் போயிருச்சு. மாமாதான் பாவம், தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு."

அதனால்தான் இந்த வீடியோக்கள்.

"மேடம்" என்றான் குரு திடீரென்று. அவன் குரலில் கிண்டல் இல்லை.

'ஹாஜிரா வீட்டுப் பலகாரம்' என்று ஒரு பக்கம். ரோஜா நிறத் துடோங் முக்காடு கட்டிய ஒரு பெண்மணி கேமராவைப் பார்த்து உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேசையில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. முகம் சட்டத்துக்கு வெளியே இருந்தது. இடது கை மாவின் ஓரத்தை மடித்துக்கொண்டே போனது. பின்னல் மாறிச் சாய்ந்தது. சுண்டுவிரல் மட்டும் வேலையில் சேராமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"அவதான்" என்றாள் தனலெட்சுமி. "வீடு எங்கன்னு பார்ப்போம். நிறுத்தி நிறுத்தி ஓட்டு."

ஜன்னலுக்கு வெளியே பச்சைக் குப்பைத் தொட்டி, அதில் கிள்ளான் மாநகராட்சி முத்திரை. இரண்டு தடவை கன்டெய்னர் லோரி போகும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு தொழிற்சாலையின் நீலக் கூரை.

"லோரி இவ்வளவு பக்கத்துல போகுது. கூரை நீலம். மேரு பக்கமா இருக்கும். அங்க இருக்கற தாமான் குடியிருப்பையெல்லாம் மேப்ல எடுத்து, எந்த வீட்டு ஜன்னல்ல இருந்து…"

"எதுக்கு மேடம் இவ்வளவு கஷ்டம்? கேட்டா சொல்லிட்டுப் போறாங்க." குரு ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தான். வீடியோவுக்குக் கீழே அவன் கேள்வி விழுந்தது: அக்கா, கறிபாப் வேணும். எங்க வந்து எடுக்கலாம்?

டீ ஆறுவதற்குள் ஹாஜிராவின் பதில் வந்துவிட்டது. தாமான் பெயர், லோரோங் என்கிற சந்தின் நம்பர், வீட்டு நம்பர், வெள்ளை கேட், வாசலில் பப்பாளி மரம். கடைசியில் அன்பாக ஒரு வரி: எப்ப வேணும்னாலும் வாங்க தம்பி, வீட்ல நாங்க ரெண்டு பொம்பளைங்களும் ஒரு பாப்பாவும்தான், எங்கயும் போக மாட்டோம்.

தனலெட்சுமி அதை இரண்டு முறை படித்தாள். இதைவிட மரியாதையாக ஒரு திருடனுக்கு யாரும் வழி சொல்ல முடியாது என்று நினைத்தாள். ஆனாலும் தேடியது கிடைத்த சந்தோஷம் அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டது.

"காடியை எடு" என்றாள்.

*

பெடரல் நெடுஞ்சாலையில் சனிக்கிழமை நெரிசல். குரு ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கச்சான் கடலைப் பொட்டலத்தையும் பிடித்திருந்தான்.

"மேடம், கை விரலை வச்சு ஆளைப் பிடிச்ச கதையை நாளைக்கு நான் எழுதிப் போட்டா ஆயிரம் லைக் வரும்."

"போட்டேன்னா உன் விரல் மடங்காது."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்லா." ஒரு வாய் கடலை மென்றுவிட்டு அவனே தொடங்கினான். "ராஜேஷ் தம்பிக்கு போன் போட்டுச் சொல்லிறவா? பாவம், முதல் நாளே எனக்கு பிரண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பி, நான் போடற தோசை போட்டோவுக்கெல்லாம் லைக் போடுது."

"வேணாம். முதல்ல அவகிட்ட பேசுவோம். வீட்டை விட்டு ஏன் போனான்னு அவ வாயால கேட்காம நான் யாருக்கும் எதுவும் சொல்றதில்லை."

அது அவளுடைய தொழில் விதி. அதுவரை அவள் அதை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை.

மேருவில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கண் எதுவும் தேவைப்படவில்லை. வெள்ளை கேட். பப்பாளி மரம். ஹாஜிரா வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள், ஆனால் அதே சிரிப்பு.

"வாங்க தம்பி, வாங்க அக்கா. கமெண்ட் போட்டது நீங்கதானே? உங்க பக்கத்துல பார்த்தேன், பிரிக்பீல்ட்ஸ்ல இருந்தா வரீங்க? என் கறிபாப் அவ்வளவு தூரம் போயிருச்சா?"

உள்ளேயிருந்து ஒரு சிறுமி தட்டோடு வந்தாள். தட்டில் வரிசையாகக் கறிபாப். பின்னல்கள் எல்லாம் மாறிச் சாய்ந்திருந்தன. தனலெட்சுமி ஒன்றைக் கையில் எடுத்தாள், ஆனால் வாயில் வைக்கவில்லை.

"இதை மடிச்சவங்களைப் பார்க்கலாமா?" என்றாள்.

ஹாஜிராவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "தங்கச்சி வெளியாளுங்க முன்னாடி வராதுக்கா. கூச்சம்."

"புனிதாகிட்ட சொல்லுங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு."

அடுக்களை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். மெலிந்த முகம். கையில் மாவு. முதலில் சிறுமியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான் கேட்டாள்.

"யாரு அனுப்பினது?"

"உங்க தம்பி ராஜேஷ்குமார்."

"தம்பி மட்டுமா?"

"தம்பி மட்டும்தான். நாங்க இன்னும் அவருக்கே சொல்லலை. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, அது உண்மை. நானே போய்ப் பார்த்தேன்."

புனிதா கை மாவைத் துணியில் துடைத்தாள். அழவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். "நான் போன்ல ஒண்ணுமே வச்சிக்கிறதில்லை. பட்டன் போன்தான். பாப்பாவை ஸ்கூல்ல கூட யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு டீச்சர்கிட்ட கெஞ்சிட்டு வந்தேன்."

"இந்த வீடியோல பார்த்தோம்."

"எந்த வீடியோ?"

தனலெட்சுமி போனை நீட்டினாள். ஹாஜிராவின் குரல் கலகலவென்று அறைக்குள் ஒலித்தது. புனிதா தன் கைகளையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"முகத்தைக் காட்டலையேம்மா" என்றாள் ஹாஜிரா பதறிப் போய். "நீ முகம் வேணாம்னு சொன்ன, நானும் காட்டலை. அல்லா சத்தியமா ஒரு தடவைகூட காட்டலை. கைதானே? கையைப் பார்த்து யாருக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"சுண்டுவிரலும் பின்னலும்" என்றாள் தனலெட்சுமி. சொல்லும்போதே அது ஏனோ அவளுக்குப் பெருமையாக இல்லை. "கதவுல மாட்டிக்கிட்டதுன்னு உங்க தம்பி சொன்னாரு."

புனிதா மகளிடம், "உள்ள போய் பேக்கை எடுத்து வை கண்ணு" என்றாள். சிறுமி எந்த பேக் என்று கேட்கவில்லை. உடனே போனாள். கதவு சாத்தியதும் புனிதா தன் இடது கையை மேசை மேல் வைத்தாள்.

"மாட்டிக்கலை. இடது கையால சோறு போட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு அவரு சொல்லுவாரு. நானும் மாத்திக்கத்தான் பார்த்தேன். அன்னைக்கு விருந்தாளி முன்னாடி மறந்துட்டேன். அவங்க போனதுக்கப்புறம் என் கையைக் கதவு இடுக்குல வச்சு, மெதுவாத்தான் சாத்தினாரு. கோபமே படலை. அப்புறம் அவரேதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாரு. பார்த்தவங்க எல்லாம் என்னைக் கொடுத்து வச்சவள்னு சொன்னாங்க."

தனலெட்சுமி கையிலிருந்த கறிபாப்பைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"அவரு போட்ட அடையாளம்" என்றாள் புனிதா. "அதை வச்சே கண்டுபிடிச்சிட்டீங்க."

தனலெட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த கஞ்சிக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. ஊதி ஊதி ஊட்டிய அந்தப் பொறுமை. அதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். பொய்க் கிளைம் போடுகிறவன் நொண்டுவதைப் பார்த்தே கண்டுபிடித்தவள், அந்தப் பொறுமைக்கு முன்னால் ஏமாந்து நின்றிருந்தாள்.

"சரி" என்றாள் கடைசியில். "நான் இங்க வரலைன்னு வச்சுக்குங்க. தம்பிகிட்ட கிடைக்கலைன்னு சொல்லிடறேன். ஹாஜிரா, வீடியோவையெல்லாம் எடுத்துருங்க. யாருக்கும் தெரியாது."

குரு தொண்டையைச் செருமினான்.

போனை அவளிடம் காட்டாமல், மறைக்கவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேடம்… ராஜேஷ் தம்பி என்னை டேக் பண்ணியிருக்கு."

ராஜேஷ்குமாரின் பக்கம். மேலே அவன் எழுதியிருந்தான்: எங்க அக்கா கிடைச்சிட்டா. அம்மாவோட பிரார்த்தனை வீண் போகலை. கண்டுபிடிச்சுக் குடுத்த குரு அண்ணனுக்குக் கோடி நன்றி. கீழே ஹாஜிராவின் வீடியோ, அதன் கீழே குருவின் கேள்வி, ஹாஜிராவின் பதில், லோரோங் நம்பர், பப்பாளி மரம் எல்லாமே.

"எப்படி?" என்றாள் தனலெட்சுமி.

"நான் கமெண்ட் போட்டா என் பிரண்டுங்களுக்குத் தெரியும் மேடம். அது பார்த்திருக்கு. வீடியோவைத் திறந்திருக்கு. கூடப் பொறந்த அக்கா கையாச்சே, நம்மளை மாதிரி ரெண்டு நாளா தேடணும்?"

பதில்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கூப்பிய கைகள், இதயங்கள், சித்திகள், பெரியப்பா மகன்கள், தெரியாத முகங்கள். பலர் தங்கள் பக்கத்துக்கும் எடுத்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பதில் அமைதியாக இருந்தது. தனேஷ் எழுதியது.

கடவுளுக்கு நன்றி. நான் கிளம்பிட்டேன்.

*

தனலெட்சுமி ராஜேஷ்குமாரைக் கூப்பிட்டாள். அவன் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தது.

"மேடம், அம்மாகிட்ட வீடியோவைக் காட்டினேன். கையைத் தடவித் தடவிப் பார்க்கறாங்க மேடம். அக்காகிட்ட குடுங்களேன்."

"தம்பி, முதல்ல அந்தப் போஸ்ட்டை எடுங்க. இப்பவே."

"ஏன் மேடம்? எல்லாரும் சந்தோஷப்படறாங்க. மாமா ஷர்ட் கூட மாத்தாம ஓடியிருக்காரு."

அவள் சொன்னாள். கதவையும் விரலையும் சுருக்கமாகச் சொன்னாள்.

"மாமாவா?" என்றான் அவன். "மாமாதான் அம்மாவுக்கு டையப்பர் மாத்தறாரு மேடம்."

"தெரியும்."

போஸ்ட்டை அழித்துவிட்டு, "எடுத்துட்டேன்" என்றான். "ஆனா சித்தி எடுத்து அவங்க குரூப்ல போட்டுட்டாங்க. அங்கிருந்து எங்க எங்க போச்சுன்னு… நான் யார் யார்கிட்டன்னு சொல்றது மேடம்?"

அவள் போனை வைத்துவிட்டு ஹாஜிரா பக்கம் திரும்பினாள்.

ஹாஜிரா தன் பக்கத்தையே அழித்துக்கொண்டிருந்தாள். கணவன் போனபின் அவளுக்குச் சோறு போட்டது அந்தப் பக்கம்தான். "வரட்டும்" என்றாள் அழுதுகொண்டே. "என் வீட்டு வாசல்ல வந்து நிக்கட்டும். நான் பேசறேன் அவன்கிட்ட."

"வேணாம்கா" என்றாள் புனிதா. "அவருகிட்ட பேசினா உங்களுக்கும் அவரைப் பிடிச்சிரும்."

"போலீஸ்ல சொல்லிறலாம்" என்றான் குரு. "நான் இப்பவே கூப்பிடறேன்."

"நான் முன்னாடியே ஒரு தடவை சொல்லியிருக்கேன் அண்ணே. எல்லாரும் மரியாதையாத்தான் பேசினாங்க. அவரும் மரியாதையாத்தான் பேசினாரு. அன்னைக்குச் சாயந்திரம் அவரு காடியிலதான் வீட்டுக்குப் போனேன்."

லோஷினி பேக்கோடு வந்தாள். ஒரு பெரிய பேக், ஒரு சின்னது. இரண்டும் நிரம்பியே இருந்தன. எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்ச பெண்கள் காப்பகம் ஒண்ணு இருக்கு" என்றாள் தனலெட்சுமி. "நம்பிக்கையான இடம். அங்க கொண்டுபோய்…"

"உங்களுக்குத் தெரிஞ்ச இடம் வேணாம் மேடம்."

புனிதா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்பது போலவே சொன்னாள்.

"பஸ் ஸ்டேஷன்ல மட்டும் விட்டுருங்க. கிள்ளான் சென்ட்ரல். பக்கம்தான்."

ஹாஜிரா தட்டிலிருந்த கறிபாப்களைக் காகிதத்தில் சுற்றிச் சிறுமியின் பையில் திணித்தாள். புனிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பு இல்லைக்கா" என்றாள் புனிதா. அதைக் கேட்டதும் ஹாஜிரா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

குரு காரை ஓட்டினான். ஜாலான் மேரு சாலையில் ஏறியதும் புனிதா மகளின் தலையை அழுத்தித் தன் மடிக்குள் சாய்த்துத் தானும் குனிந்தாள்.

"என்னம்மா?" என்றாள் தனலெட்சுமி.

"எதிர்ல வரது அவரு காடி."

சாம்பல் நிறக் கார். அவசரமே இல்லாமல், சரியான வேகத்தில், திரும்பும் இடத்துக்கு முன்னமே சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. உள்ளே தனேஷ் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் ஒரு பெரிய பொம்மை, கண்ணாடித் தாளில் சுற்றியிருந்தது. அவன் இவர்களைப் பார்க்கவில்லை. கார் கடந்து போனது.

"அப்பாவா?" என்று சிறுமி மடிக்குள்ளிருந்து கேட்டாள்.

"பேசாதே கண்ணு."

"மேடம்" என்றான் குரு. "அந்தக் கமெண்ட்டை நான்…"

"நீ தட்டுறதை நானும் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஓட்டு."

பஸ் ஸ்டேஷனில் கூட்டம் சுமாராக இருந்தது. புனிதா இறங்கிப் பைகளை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அம்மாவுக்கு உண்மையிலேயே முடியலையா?"

"முடியலைம்மா. ரொம்ப நாள் தாங்காது."

புனிதா தலையாட்டினாள். "யாரும் இல்லாத நேரமாப் பார்த்து அம்மா காதுல மட்டும் சொல்லுங்க. நல்லா இருக்கேன்னு."

"சொல்றேன்" என்றாள் தனலெட்சுமி. அந்தக் கட்டில் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். புனிதாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு மேடம். நாங்க எந்த பஸ்ல ஏறுறோம்னு பார்க்காதீங்க. ரெண்டு பேரும்."

"பார்க்கலை."

ஆட்களைப் பிடித்துப் பழகிய கண் அவளுடையது. யார் எந்தப் பக்கம் போகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்காமலே வாங்கிக்கொள்கிற கண். தனலெட்சுமி திரும்பி, ஒரு மூடிய கடையின் கதவைப் பார்த்து நின்றாள். அந்தக் கதவு கண்ணாடி. அதில் டிக்கெட் கவுண்டர்கள் இடம் வலமாக மாறி, தெளிவாகத் தெரிந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் குருவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காதில் எதுவும் விழாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி அது போலும்.

கவுண்டருக்குள் இருந்த பெண்ணின் மைக் திறந்திருந்தது. புனிதா என்ன கேட்டாள் என்பது கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சரிபார்ப்பதற்காகத் திருப்பிச் சொன்னது ஸ்பீக்கரில் வந்தது. ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று மலாயில் சொல்லிவிட்டு, ஓர் ஊரின் பெயரையும் சொன்னாள்.

தனலெட்சுமி மூடிய கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஆனால் காதுக்குள் போய்விட்ட ஊர்ப் பெயர் வெளியே வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குரு கேட்டான். "போயிட்டாங்களா மேடம்?"

"போயிருப்பாங்க."

"காதுல ஏதாச்சும் விழுந்துச்சா?"

"இல்லை" என்றாள். "உனக்கு?"

"எனக்கும் இல்லை" என்றான் குரு. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கம் மேடம். தனேஷ் பேசறேன். ராஜேஷ் நம்பர் குடுத்தான்." மென்மையான குரல். பின்னால் யாரோ தேம்பும் சத்தம் கேட்டது. ஹாஜிராவாக இருக்க வேண்டும். "நான் மேருவுக்கு வந்துட்டேன். இவங்க பாவம், ரொம்பப் பயந்து போயிருக்காங்க. தண்ணி எடுத்துக் குடுத்திருக்கேன். பாப்பா சாப்பிட்டாளா மேடம்?"

தனலெட்சுமி ஸ்பீக்கர் சத்தம் போனில் விழாதபடி வெளியே நடந்தாள்.

"நீங்க கஷ்டப்பட்டுத் தேடிக் குடுத்தீங்க. நான் தப்பா நினைக்கலை. எந்தப் பக்கம் போறாங்கன்னு மட்டும் தெரியுமா?"

"தெரியாது."

அவன் போனை விலக்கி, அழுகிறவளிடம் இன்னும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

"பரவால்ல மேடம். நீங்க சிரமப்படாதீங்க" என்றான். "யாராச்சும் பேஸ்புக்ல போடுவாங்க."